மாறும் காலமும் மந்தையின் வழிநடத்துதலும்: வட ஆர்க்காட்டுச் சேரிச் சபைகள் கடந்து வந்த பாதை

தாழ்த்தப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மாநாட்டுத் தீர்மானங்களையும் சட்டமன்ற உரைகளையுமே தேடிச் செல்கின்றனர். அவை தேவையே. ஆயினும் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்துச் சேரிகளின் வரலாற்றுக்கு வேறொரு வாயிலும் உண்டு. கூரை வேய்ந்த சிறு கட்டடத்தில் பகலில் பள்ளியாகவும் ஞாயிற்றுக்கிழமையில் ஆலயமாகவும் கூடிய கிராமச் சபையே அவ்வாயில். நம்மவர் பலர் முதன்முதலாகத் தம் பெயரைத் தம் கையால் எழுதியது அவ்விடத்திலேதான்.

நம் கழகத்தில் இந்துக்களும் உளர், கிறித்தவரும் உளர், பௌத்தரும் உளர். ஆகவே இக்கட்டுரை ஒரு மதத்தைப் போற்றவோ பிறிதொன்றைத் தூற்றவோ எழுதப்பட்டதன்று. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளில் இச்சபைகள் நான்கு பெரும் மாற்றங்களைக் கண்டன. அம்மாற்றங்களினூடே மக்களைச் சிதறாமல் நடத்திச் சென்றவர் யாவர், எங்கே நடத்தத் தவறினர் என்பதை ஆராய்வதே நோக்கம். ஒரு சபையை நடத்துவதற்கும் ஒரு சமுதாயத்தை நடத்துவதற்கும் பாடம் ஒன்றே என்பது என் துணிபு.

சேர்ந்த காலம்

1853ஆம் ஆண்டில், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஆர்க்காடு மிஷன் தொடங்கப்பெற்றது. இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் மருத்துவத் தொண்டாற்றிய மூத்த ஜான் ஸ்கடரின் புதல்வர்களாகிய ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் அதற்கு வித்திட்டனர். ஆம்பூர்ப் பக்கத்தில் வேரூன்றியது பிறிதொரு மரபு. லைப்சிக் லுத்தரன் மிஷனிலிருந்து கொள்கை வேறுபாட்டால் விலகிய நேத்தர், மோன் என்னும் இரு ஜெர்மானியர், அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சினாடின் சார்பில் 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினர். அது வளர்ந்து ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளுக்கும் பரவிற்று.

அக்காலத்தில் சாதியைச் சபைக்குள் அனுமதிக்கலாமா என்பது பெரும் விவாதமாயிருந்தது. சாதியைக் கைவிட்டாலன்றிச் சபையில் இடமில்லை என்று சென்னை மிஷனரிகள் மாநாடு 1850இல் கூறிற்று. லைப்சிக் மிஷனார் அதற்கு உடன்படவில்லை. ஆர்க்காடு மிஷன் இதில் கண்டிப்பான பக்கத்தில் நின்றது. யாவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும், ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் பருக வேண்டும் என்பது அதன் விதி. இவ்விதிக்கு அஞ்சி உயர்சாதியார் பலர் ஒதுங்கினர். சேரி மக்கள் அணுகினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் போதும் அதன் பின்னரும், தனித்தனி ஆட்களாக அன்றிக் குடும்பம் குடும்பமாகவும் தெருத் தெருவாகவும் மக்கள் சேர்ந்தனர். விக்கிரக வணக்கத்தை விடுதல், ஓய்வுநாளை ஆசரித்தல், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதிருத்தல் ஆகியவை அவர்கள் ஏற்ற நிபந்தனைகளுள் அடங்கும்.

கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்ற ஏச்சை நம் முன்னோர் நெடுங்காலம் சுமந்தனர். அதற்கு மறுமொழி எளிது. கஞ்சித்தொட்டி பஞ்சத்தோடு மூடப்பட்டது, பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. வயிற்றுக்காக மட்டும் வந்தவர்கள் என்றால் பஞ்சம் தீர்ந்தபின் திரும்பியிருக்க வேண்டும். அவ்வாறு திரும்பியவர்களும் உண்டு. ஆனால் தங்கியவர்கள், நிலக்கிழார் வேலையை நிறுத்தியபோதும் தங்கினார்கள். அவர்களைத் தங்கவைத்தது எது?

மிஷனரி மாதத்திற்கு ஒருமுறையோ, ஆண்டுக்குச் சிலமுறையோ வந்து போனவர். மக்களோடு சேரியிலேயே குடியிருந்தவர் உபதேசியார். பகலில் பிள்ளைகட்கு அரிச்சுவடி, இரவில் வேலையிலிருந்து திரும்பிய பெரியவர்கட்கு வேதவாசிப்பு, ஞாயிறன்று ஆராதனை. இடையிடையே மனு எழுதிக் கொடுத்தல், தாலுகாக் கச்சேரிக்குத் துணை போதல், பிணிக்கு மருந்து வாங்கி வருதல், சாவுக்கு முன்நின்று அடக்கம் செய்தல். இவ்வளவும் அவர் கடமை. வீட்டுப் பெண்களிடையே இதே வேலையைச் செய்தவர்கள் பைபிள் ஸ்திரீகள். இவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆயினும் முதல் மாற்றத்தில் மந்தையை நடத்தியவர்கள் இவர்களே.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. சீர்திருத்தச் சபையின் ஒழுங்கில் மூப்பர்கள் உண்டு. அவர்கள் போதகரோடு அமர்ந்து சபைக் காரியங்களைப் பேசி முடிவெடுப்பவர்கள். பண்ணையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற படியாள், சபைக் கூட்டத்தில் பாயில் அமர்ந்து தன் கருத்தைச் சொன்னான், கை தூக்கினான், அது குறிப்பேட்டில் எழுதப்பட்டது. வாக்குரிமை நம்மை எட்டுவதற்குப் பல்லாண்டு முன்னரே நமக்குக் கிடைத்த வாக்குரிமைப் பயிற்சி இது எனலாம்.

குறையும் இருந்தது. 1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த முனுசாமி என்ற சிறுவர், திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் பள்ளியில் பயின்றார். மதம் மாற இசையாமையால் அவர் அங்கிருந்து விலக நேர்ந்தது என்று அவர் வரலாறு கூறும். அவரே பிற்காலத்தில் சுவாமி சகஜானந்தராகி, 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைக் கண்டு, எண்ணற்ற ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்தவர். கல்வியை ஞானஸ்நானத்தோடு பிணைத்தால் எத்தகைய மாணாக்கனை இழக்க நேரும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

ஒப்படைத்த காலம்

இரண்டாம் மாற்றம், வெள்ளைக்கார மிஷனரியின் கையிலிருந்து பொறுப்பு நம்மவர் கைக்கு வந்தது. இஃது ஒரே நாளில் நிகழவில்லை. 1908இல் ஆர்க்காட்டுச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1910ஐ ஒட்டிக் கிராமச் சபைகளின் நிர்வாகம் இந்தியர் மிகுந்த வாரியத்திடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில், பேராயர் வே. ச. அசரியா உள்ளிட்ட திருச்சபைத் தலைவர்கள் முப்பத்து மூவர் கூடி, பிரிந்து கிடப்பது தகாது என அறிக்கை விடுத்தனர். அவர்களுள் இருவர் நீங்கலாக ஏனையோர் இந்தியரே. அவ்வழியே நடந்த பேச்சு முப்பது ஆண்டளவும் நீடித்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முகிழ்த்தது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே கடந்திருந்தன.

பேராயர் என்ற பதவியையே அறியாத மூப்பர் மரபில் வளர்ந்த நம் கிராமச் சபைகள், அன்று முதல் ஒரு பேராயரின் கீழ் வந்தன. முதலில் சென்னைப் பேராயத்தின் பகுதியாக இருந்து, 1976இல் வேலூர்ப் பேராயம் தனியே அமைந்தது. ஆம்பூர் லுத்தரன் சபைகள் இவ்வைக்கியத்தில் சேராமல், 1950களின் இறுதியில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றன. இதன் பயனாக, ஒரே தெருவில் ஒரே குலத்தவரான உறவினர் இரு சபையினராக நின்றனர்.

ஒப்படைப்பு என்பது அதிகாரத்தை மட்டுமன்று, செலவையும் ஒப்படைப்பதாகும். 1930களில் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் அமெரிக்காவிலிருந்து வந்த பணம் சுருங்கியபோது இவ்வுண்மை எல்லோர்க்கும் விளங்கிற்று. அந்நாளில் சபைகளைத் தாங்கியவை இரண்டு. ஒன்று கைப்பிடி அரிசி: நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் சேர்த்து வைத்து ஞாயிறன்று ஆலயத்திற்குக் கொண்டு வருதல். மற்றொன்று அறுப்பின் பண்டிகை: கோழி, முட்டை, பூசணிக்காய், கேழ்வரகு, ஆட்டுக்குட்டி எனத் தம்மிடம் விளைந்ததையும் வளர்ந்ததையும் படைத்து, ஏலம் விட்டு, சபைச் செலவுக்கு ஆக்குதல். கூலிக்காரன் தன் போதகருக்குத் தானே படியளந்தான். இதுவரை ஊராரிடம் கையேந்தியே பழகியவன், தானும் கொடுக்க வல்லவன் என்று அறிந்த நாள் அது. ஒரு ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், தன்மான இயக்கத்தின் பாலபாடங்களுள் ஒன்று அவ்வரிசிக் கலயத்தில் இருந்தது.

ஆனால் ஒப்படைப்பின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் கூடாது. மிஷனார் விட்டுச் சென்ற பள்ளிகளும் மருத்துவமனைகளும் மனைநிலங்களும் பெருஞ்சொத்து. அவற்றை ஆளும் குழுக்களுக்குத் தேர்தல் வந்தது. தேர்தலோடு கட்சி வந்தது. கட்சியோடு வழக்கு வந்தது. கிராமச் சபைகளில் உபதேசியார் குறைந்தனர். நகரங்களில் வழக்கறிஞர் செலவு கூடிற்று. கணக்கை வெளிப்படையாக வாசித்த இடத்தில் சபை நிலைத்தது. கணக்கை மூடி வைத்த இடத்தில் சபை உடைந்தது. நம் கழகத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

தோல் ஷாப்புக் காலம்

மூன்றாம் மாற்றம் கோயிலிலிருந்து வரவில்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்தது.

ஊரில் மாடு செத்தால் அப்புறப்படுத்துவது சேரியின் கட்டாயக் கடமையாக இருந்தது. அத்தோலைத் தொட்டதாலேயே நம்மைத் தீட்டு என்றனர். அதே தோல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடப்பட்டு, சென்னைத் துறைமுகம் வழியே இலண்டனுக்குக் கப்பலேறியபோது பொன்னாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகப் பெருமக்கள் இத்தொழிலை வளர்த்தனர். 1903 முதல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரிசோதித்துப் பரப்பினார். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு நடுவணரசு வரம்பு கட்டிற்று. அதன்பின் முழுதும் பதனிட்ட தோலும், காலணியும் செய்யும் ஆலைகள் பெருகின. இவற்றில் ஊறல் போடவும், மயிர் கழிக்கவும், சவ்வு நீக்கவும் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். காலணி ஆலைகளில் ஆயிரக்கணக்கில் நம் பெண்மக்கள் அமர்ந்தனர்.

இதனால் சபைக்கு என்ன நேர்ந்தது? கிராமச் சபை, நிலத்தையும் பருவத்தையும் ஒட்டி அமைந்தது. கதிர் அறுத்தபின் பண்டிகை, பொழுது சாய்ந்தபின் வேதவாசிப்பு. தோல் ஷாப்பில் ஷிப்டு முறை. வார விடுமுறையும் முதலாளியின் வழக்கப்படி. கூலி தானியமாக அன்றிப் பணமாக வந்தது; பணத்தோடு சாராயமும் கந்துவட்டியும் வந்தன. கிராமத்திலிருந்து நகர்ந்த குடும்பம், நகரத்துப் பேராலயத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து, தன்னை யாரும் பெயர்சொல்லி அழைக்காததைக் கண்டது. பெந்தெகொஸ்தே முதலிய சிறு ஜெபவீடுகளுக்கு அவர்களுள் பலர் சென்றதை வெறும் உபதேசக் கோளாறு என்று பழைய சபைகள் கருதின. உண்மை அதுவன்று. பழைய உபதேசியார் செய்த வேலையை, அதாவது வீடு தேடி வருதல், பெயர் சொல்லி அழைத்தல், இரவில் நோயாளியின் அருகே அமர்தல் ஆகியவற்றை, அச்சிறு ஜெபவீட்டுப் போதகர் செய்தார். மந்தை, தன்னை அறிந்தவனைப் பின்தொடர்ந்தது.

தொழிலின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதையை நம் இளைஞர் அறிவர். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முற்றிலுமோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்ற ஆய்வை, வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி அத்தீர்ப்பால் இந்நாட்டுச் சட்டமாயிற்று. இங்குத்தான் நம் தலைவர்களுக்கு இக்கட்டு. ஆலை மூடினால் கூலி போகும். ஓடினால் கிணறு போகும். வேலையா தண்ணீரா என்று கேட்பதே தவறு, இரண்டும் எங்களுக்கு உரியவை என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய மேடைகளில், நெடுங்காலம் அமைதியே நிலவிற்று.

சான்றிதழ்க் காலம்

நான்காம் மாற்றமே மிகக் கடியது. அது வெளியிலிருந்து வந்து, வீட்டுக்குள் புகுந்தது.

1936ஆம் ஆண்டின் பட்டியல் சாதியார் ஆணையிலேயே இந்தியக் கிறித்தவர் விலக்கப்பட்டனர். 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினர் அல்லாதாரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். கல்வி உதவித்தொகையிலும் மாநில அரசு அவர்களைக் கைவிடவில்லை. ஆனால் தனித்தொகுதியும், பட்டியல் சாதியினர்க்குரிய வேலை ஒதுக்கீடும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்கட்கு இல்லை.

இதன் கொடுமையை ஒரு வழக்கு காட்டும். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை என்ற ஆதிதிராவிடக் கிறித்தவர். தாழ்த்தப்பட்ட செருப்புத் தொழிலாளர்க்கு அரசு இலவசமாகக் கடைப்பெட்டி வழங்கியபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றனர். அவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவும் ஒடுக்குதலும் கிறித்தவ சமுதாயத்திற்குள் தொடர்கின்றன என்பது நிறுவப்படவில்லை என்று 1985இல் அவ்வழக்கு தள்ளுபடி ஆயிற்று. அவர் கையில் இருந்த ஊசியும் தோலும், அடுத்திருந்த இந்துத் தோழர் கையில் இருந்த ஊசியும் தோலும் ஒன்றே.

நம் வட்டாரத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் பிழைக்கச் சென்ற கோலார் தங்கவயலிலும் இச்சிக்கல் எழுந்தது. மதம் மாறிப் பின் திரும்பிய எஸ். ராஜகோபால் என்பவர் தனித்தொகுதியில் வென்றது 1968இல் செல்லாதென்றும், மறுமுறை வென்றது 1975இல் செல்லுமென்றும் உச்சநீதிமன்றம் கூறிற்று. திரும்பி வந்தவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டனரா என்பதே இரண்டாம் முறை அளவுகோலாயிற்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் தகுதியை மதத்தோடு பிணைக்கலாகாது என்று பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றுமோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்லுதல் அரசமைப்பை ஏய்ப்பதாகும் என்று உச்சநீதிமன்றம் கடிந்தது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி என்னும் கட்டங்களை நிரப்பும் தலைமையாசிரியர் எவரும் இதன் வேதனையை அறிவர். விவிலியப் பெயர் தாங்கிய பிள்ளையின் பெயருக்கு எதிரே இந்து ஆதிதிராவிடர் என்றிருக்கும். அண்ணனுக்கு ஒரு சான்றிதழும் தம்பிக்கு வேறொரு சான்றிதழும் உள்ள வீடுகள் உண்டு. ஆலயத்தில் தம் திருமணத்தைப் பதிவு செய்யத் தயங்கி நிற்கும் இளைஞர் உண்டு. இவர்களைப் பொய்யர் என்று அரசு ஐயுறுகிறது. மறுதலித்தவர் என்று சபையாருட் சிலர் ஏசுகின்றனர். நம் இடத்தைத் தட்டிப் பறிப்பவர் என்று உறவினருட் சிலரே முணுமுணுக்கின்றனர். மூன்று பக்கமும் அடிபடுபவன் பதினெட்டு வயதுப் பையன். அவனைச் சட்டத்தை மீறச் சொல்வது என் கருத்தன்று. அவனை அந்நிலையில் நிறுத்திய சட்டத்தை மாற்றக் கோருவதும், அதுவரை அவனை இழித்துப் பேசாதிருப்பதுமே பெரியவர்களின் கடமை.

இவ்விடத்தில் சில தலைவர்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் நன்றியுடன் பதிவு செய்தல் வேண்டும். 1980களில் தென்னிந்தியத் திருச்சபையின் பொதுச்செயலாளராகவும், 1990 முதல் சென்னைப் பேராயராகவும் விளங்கிய எம். அசரியா, தலித் கிறித்தவரின் நிலையை உலகத் திருச்சபைகளின் அவை வரை கொண்டு சென்றார். சென்னைக் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வித்திட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாட்டுக் கட்டி, எல்லோர்க்கும் ஒரே உலை என்ற கருத்தைப் பரப்பினார். இழிதொழில் என்று ஒரு காலத்தில் கைவிடச் சொன்ன பறை, அவர் போன்றோரால் ஆலயத்திற்குள் மதிப்புடன் முழங்கிற்று.

வரலாறு தரும் பாடம்

இந்நான்கு காலங்களையும் ஒருங்கே நோக்கின் தெளிவாவது ஒன்று. மாற்றத்தைத் தடுத்து நிறுத்திய தலைவர் எவரும் இலர். மாற்றத்தில் ஒருவரையும் எண்ணிக்கையிலிருந்து விடாதவரே தலைவர் ஆயினர். உபதேசியார் சேரியில் ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருந்தார். கைப்பிடி அரிசிக் காலத்து மூப்பர், கொடுக்க இயலாத வீட்டையும் கணக்கில் வைத்திருந்தார். எங்கே ஒரு பிள்ளையை, ஒரு ஷிப்டுத் தொழிலாளியை, ஒரு சான்றிதழ்க்காரனை நம்மவன் அல்லன் என்று தலைமை கழித்ததோ, அங்கே மந்தை சிதறிற்று. சகஜானந்தரைக் கழித்தது ஒரு பள்ளி; சூசையைக் கழித்தது ஒரு சட்டம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

அன்பார்ந்த இளைஞர்களே! 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் மாறும். நம் தெரு ஒன்றே. கிறித்தவத் தலித்துகளின் பட்டியல் உரிமைக்கு இந்துத் தலித் இளைஞர் குரல் கொடுக்க வேண்டும். அவர்கள் சேர்க்கப்படும்போது ஒதுக்கீட்டின் அளவும் உயர வேண்டும் என்று கிறித்தவ இளைஞர் உடன்நின்று கேட்க வேண்டும். ஒருவர் பங்கை மற்றவர் உண்பதற்கன்று, இருவர்க்கும் உலை பொங்குவதற்கே இக்கோரிக்கை.

இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு. நம் பகுதிச் சபைகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் அடக்கப் பதிவேடுகளும் மூப்பர் கூட்டக் குறிப்பேடுகளும் பீரோக்களில் செல்லரித்துக் கிடக்கின்றன. அரசு நம்மைத் தலையெண்ணிக்கையாக மட்டும் குறித்த காலத்தில், பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் தொழிலும் எழுதி நம்மை மனிதராகக் குறித்த ஏடுகள் அவை. போதகரின் இசைவு பெற்று, விடுமுறையில் ஊருக்கு இருவராகச் சென்று, அவற்றைப் படியெடுங்கள், படம் பிடியுங்கள். முதியவர்களிடம் உபதேசியார்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். நம் கழகத்தின் பொன்விழா மலரில் அப்பெயர்கள் அச்சேற வேண்டும்.

தம் பெயரை எங்கும் எழுதி வைக்காமல் பிறர் பெயரை எழுதக் கற்பித்துச் சென்றவர்கள் அவர்கள். அவர்கட்கு நாம் செலுத்தக்கூடிய கடன், கற்ற கல்வியை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதேயாம். அப்பணியில் இருபத்தைந்து ஆண்டு கண்ட நம் கழகம் மேலும் வளர்க! நம் மக்கள் ஒன்றுபட்டு வாழ்க!